மூன்றாம் குட்டையின் பறவைத் தாள்

என் உள்ளங்கையில் கிடந்தது என்ன பறவை என்று எனக்குத் தெரியவில்லை. தார் தோய்த்த துணிப்பந்து மாதிரி இருந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு, கட்டைவிரலால் கழுத்துப் பக்கம் மெதுவாகத் துடைத்தேன். எண்ணெய்க்கு அடியிலிருந்து மஞ்சள் வந்தது. இன்னும் கொஞ்சம் துடைத்தேன். நெஞ்சில் நீலம்.

“உசுரு இருக்காப்பா?” என்றார் ராமர் அண்ணன். குட்டைக் கரையில் குப்புறப் படுத்து, எண்ணெய்ப் படலம் வழிக்கிற நீளக் கோலைத் தண்ணீர்மேல் நீட்டிக்கொண்டிருந்தார்.

“கண்ணைச் சிமிட்டுதுண்ணே.”

“அப்ப பெட்டியில வை. நின்னு பாக்காத. அடுத்தது வருது பாரு.”

மெஸ்ஸிலிருந்து எடுத்து வந்த வாழைப்பழ அட்டைப்பெட்டி. அதற்குள் ஏற்கெனவே பதினைந்து இருந்தன. ஒன்றின்மேல் ஒன்று சரிந்து, சத்தமே இல்லாமல். பறவைகள் கூட்டமாக இருந்தும் சத்தம் இல்லாமல் இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அமீரகத்தின் புஜைராவில் எண்ணெய்த் தொட்டிகள் நிற்கும் ஒரு யார்டு அது. முன்னால் கடல், நங்கூரம் போட்டு வரிசையாக நிற்கும் கப்பல்கள். பின்னால் மொட்டை மலை. இரண்டு நாள் அடித்த புழுதியில் அன்று மலையும் இல்லை, கப்பலும் இல்லை. வசந்த காலம் என்று அதைச் சொல்ல வேண்டும். வெயில் தொடங்குவதற்கு முந்தைய சில வாரங்கள்.

அந்தக் குட்டைக்கு மேலே ஒரு வலை கட்டியிருந்தால் அவற்றில் ஒன்றுகூட உள்ளே விழுந்திருக்காது. வலை இல்லாமல் போனதற்குக் காரணம் என் கையெழுத்து.

ஒரு வாசகரின் கேள்வி

இந்தத் தொடரில் போன வாரம் கேம்ப் மாறிய கதையில் நிறுத்தியிருந்தேன். அதைத்தான் தொடர நினைத்தேன். திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒரு வாசகர் எழுதிய கடிதத்தைப் பத்திரிகையிலிருந்து அனுப்பிவைத்திருந்தார்கள். “நீங்கள் சேஃப்டி வேலை பார்த்ததாக ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். அங்கே என்னதான் செய்தீர்கள்?” என்று கேட்டிருந்தார்.

உண்மையைச் சொன்னால், டிக் போட்டேன்.

தீயணைப்பு உருளையில் அழுத்தம் இருக்கிறதா, டிக். ஏணிக்கால் ஆடுகிறதா, டிக். கண் கழுவும் குழாயில் தண்ணீர் வருகிறதா, டிக். ஒரு நாளைக்கு இருபது தாள். எல்லாவற்றுக்கும் அடியில் என் கையெழுத்து.

எங்கள் வீட்டில் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். அப்பா இன்றும் பெருவிரலைத்தான் நீட்டுவார். பாலிடெக்னிக் முடித்து நான் முதன்முதலாக ஒரு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டபோது, அந்தத் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். படிக்கத் தெரியாது. மை காய்ந்துவிட்டதா என்று பார்த்ததாகச் சொன்னார்.

தொழிலாளர்கள் தங்கும் கேம்பிலும் அதே கதைதான். லீவு ஃபார்ம், பேங்க் ஃபார்ம், எல்லாம் என்னிடம் வரும். “தம்பி எழுதுனா திரும்பி வராது” என்று ராமர் அண்ணன்தான் ஆட்களை அழைத்து வருவார். முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரர். பதினோரு வருடமாகத் தொட்டி கழுவும் கேங். என் கட்டிலுக்கு எதிர்க் கட்டில்.

ஜீரோ

இருபது தாளில் ஒன்று பறவைத் தாள். ஆங்கிலத்தில் அதற்கு நீளமான பெயர். யார்டில் மூன்று குட்டைகள் உண்டு, ஆட்கள் ‘பாண்டு’ என்பார்கள். தொட்டி கழுவிய அழுக்குத் தண்ணீரை அவற்றில் விட்டு வைப்பார்கள். மேலே எண்ணெய் மிதக்கும். வானத்திலிருந்து பார்த்தால் நல்ல தண்ணீர் மாதிரி மின்னும். ஒன்றுக்கும் இரண்டுக்கும் வலை உண்டு. மூன்றாவது பிறகு வெட்டியது, பெரியது, வலை இல்லை. காலையிலும் மாலையிலும் மூன்றையும் சுற்றி நடந்து, எந்தப் பறவை எத்தனை இறங்கியது என்று எழுத வேண்டும்.

முதல் இரண்டு வாரம் எழுதினேன். வாலாட்டி இரண்டு. கொக்கு ஒன்று, செத்தது.

ஜோஸ் சார் கூப்பிட்டார். அவர்தான் சேஃப்டி ஆபீசர். கோட்டயத்துக்காரர். நாற்பத்தெட்டு மணி நேரமாகத் தூங்காத முகம்.

“எடா, நீ ஒரு கொக்கு எழுதியா எனிக்கு நாலு மெயில். எந்தா கொக்கு, எப்போ செத்து, ஆரு எடுத்து, எவிடெ போட்டு. போட்டோ எவிடெ, ரிப்போர்ட் எவிடெ. கொக்கு செத்து, அது போயி. ஞானும் சாகணோ?”

“அப்ப என்ன சார் எழுத?”

“ஜீரோ. ஜீரோக்கு ஆரும் மெயில் அனுப்பில்லா. கலாஸ், தீர்ந்து.”

அவர் கெட்டவர் இல்லை. எனக்கு டெங்கு வந்தபோது தன் காரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், மூன்று மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கியவர். ஒரு ஆள் செய்யும் வேலை அல்ல அவர் செய்தது. மூன்று ஆள் வேலை.

அன்றிலிருந்து ஜீரோ எழுதினேன். முதலில் குட்டையைச் சுற்றி நடந்துவிட்டு ஜீரோ எழுதினேன். பிறகு நடக்காமல் எழுதினேன். பிறகு ஞாயிற்றுக்கிழமை அறையில் டீ குடித்துக்கொண்டே அடுத்த வாரத்துத் தாள்கள் எல்லாவற்றையும் நிரப்பி வைத்தேன். வளைகுடாவில் சைட் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. எல்லோரும் செய்வதுதான். தொட்டிக்குள் இறங்குமுன் எடுக்கும் கேஸ் டெஸ்ட்டை மட்டும் யாரும் முன்கூட்டி எழுத மாட்டோம். அதில் பொய் எழுதினால் மனிதன் செத்துவிடுவான்.

ஒரு மாதம் ‘சேஃப்டி ஸ்டார்’ என்று எனக்குப் பரிசுகூடக் கொடுத்தார்கள். சுத்தமான தாள்களுக்காக. ஒரு சாப்பாட்டுப் பை. நல்ல பை. ஜிப் மட்டும் சீக்கிரம் போய்விட்டது.

எலேனா ஊர்க் கடல்

அந்த முறை யார்டின் சுற்றுச்சூழல் ஆண்டு அறிக்கை எழுத வெளியிலிருந்து வந்தவர் எலேனா. ஸ்பெயின் நாட்டின் தென்கோடிக்காரர். முப்பத்தைந்து வயதிருக்கும். மேடம் என்றால் முகத்தைச் சுளிப்பார், எனக்கோ வேறு வார்த்தை வாயில் வராது. எந்நேரமும் சூரியகாந்தி விதையைப் பல்லில் உடைத்துத் தோலைக் கைக்குள் துப்பிக்கொண்டிருப்பார்.

டீ நேரத்தில் போர்ட்டா கேபின் என்கிற தகர ஆபீஸ் அறையில் அவர் சொன்னதை இங்கே சுருக்கித்தான் எழுத முடியும். அவர் ஊரில் கடல் ஒரு சந்து மாதிரி குறுகிவிடுமாம். அந்தக் கரை ஆப்பிரிக்கா. மேகமில்லாத நாளில் எதிர்க்கரை வீடுகள் தெரியுமாம். நாரைகளுக்கும் பருந்துகளுக்கும் கடல்மேல் பறப்பது கஷ்டம். நிலத்தில் எழும் சூடான காற்றில்தான் அவை சிறகை விரித்து மிதக்கும். தண்ணீர்மேல் அந்தக் காற்று கிடைக்காது. அதனால் ஐரோப்பாவில் எங்கெங்கோ இருப்பவை எல்லாம் அந்தக் குறுகலான இடத்தைத் தேடி வந்து சேரும்.

கிழக்குக் காற்று பலமாக அடித்தால் தாண்ட முடியாது. அந்தக் காற்றுக்கு அவர்கள் ஊரில் லெவாந்தே என்று பெயர். நாலு நாள், அஞ்சு நாள் அடிக்கும். அதுவரை பறவைகள் மலைச்சரிவிலும் மாட்டு வயலிலும் காத்து நிற்கும். “சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகும்போது வயல் முழுக்க நாரை நிற்கும். நாங்கள் நடுவில் நடந்து போவோம்” என்றார்.

“இப்போ?”

“இப்போது நிறைய நாரைகள் கடலைத் தாண்டுவதே இல்லை. ஊருக்கு வெளியே குப்பைக் கிடங்கு இருக்கிறது. வருடம் முழுக்க அதிலேயே சாப்பாடு. எதற்குப் போக வேண்டும்?”

அன்று மாலை அறையில் இதைச் சொன்னபோது ராமர் அண்ணன் சாக்ஸைக் கழற்றிக்கொண்டே கேட்டார்: “ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா லீவும் போவாதாமா?”

“போகாதாம்ண்ணே.”

“நம்ம கேம்ப்ல சேத்துக்கிரலாம். எங்க கேங்ல ஒரு ஆளு கொறையிது.”

எலேனாவின் முதல் வேலை அந்த மலைகளில்தான். அங்கே இப்போது வரிசையாகக் காற்றாலைகள். கழுகு ஏதாவது காற்றாலையின் சிறகுக்கு நேராக வந்தால் வாக்கி டாக்கியில் “ஏழாம் நம்பரை நிறுத்து” என்று சொல்ல ஒரு ஆள் மலைமேல் பைனாகுலரோடு உட்கார்ந்திருக்க வேண்டும். ஏழாம் நம்பர் காற்றாலை நின்றுவிடும். கழுகு கடந்ததும் மறுபடி சுற்றும். மூன்று வருடம் அதைச் செய்திருக்கிறார். “ஒரு நாள் செல்போனைக் குனிந்து பார்த்தேன். நிமிர்ந்தபோது கழுகு இரண்டு துண்டாக விழுந்துகொண்டிருந்தது” என்றார். விதைத் தோலைத் துப்பினார்.

பார்த்துச் சொன்னால் ஒரு ராட்சத இயந்திரம் நிற்கும் என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. என் தாள் எங்கே போகிறது என்று நான் அதுவரை யோசித்ததில்லை. ஃபைலுக்குப் போகிறது, ஃபைல் அலமாரிக்குப் போகிறது, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

அவரே சொன்னார். “உங்கள் தாள்கள் ரொம்பச் சுத்தம். பதினான்கு மாதம், ஒரு பறவைகூட இறங்கவில்லை. மூன்றாம் குட்டைக்கு வலை தேவையில்லை என்று எழுதப் போகிறேன். போன வருடமும் இதைப் பார்த்துத்தான் வேண்டாம் என்று விட்டிருக்கிறார்கள்.”

“யெஸ் மேடம்” என்றேன்.

டீ ஆறிப்போயிருந்தது, குடித்தேன். மறுநாள் மதியம் புழுதி அடிக்க ஆரம்பித்தது.

கரையில் கேட்ட கேள்வி

மூன்றாம் நாள் விடிகாலை காற்று நின்றது. ராமர் அண்ணன்தான் ஓடிவந்தார். “ஏப்பா, பாண்டுல என்னமோ கொட்டிக் கெடக்குப்பா.”

புழுதியில் வழி தெரியாமல், களைத்து, மின்னுவதைத் தண்ணீர் என்று நம்பி இறங்கியிருக்கின்றன. தெற்கேயிருந்து வடக்கே போகிற கூட்டம். ஆப்பிரிக்காவிலிருந்து அதுவரை வந்துவிட்டவை. எல்லாவற்றையும் எடுத்து முடிக்க எட்டு மணி ஆனது. முப்பத்தாறு. எலேனா முட்டிபோட்டு உட்கார்ந்து, மெஸ்ஸிலிருந்து வந்த வெந்நீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்து ஒவ்வொன்றாகக் கழுவினார். நான் துணியில் ஒற்றி எடுத்தேன். சிறகுக்கு அடியில் எலும்பு அவ்வளவு மெலிதாக இருக்கும் என்று நினைக்கவில்லை. கழுவிக்கொண்டிருக்கும்போதே பல கையிலேயே போயின. மதியத்துக்குள் ஐந்து பறந்தன.

ஜோஸ் சார் செல்போனும் கையுமாக வந்தார். பெட்டியைப் பார்த்தார். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆங்கிலத்தில் எலேனாவிடம் சொன்னார். புழுதிப் புயல். இது வழக்கமாக நடப்பதல்ல. பதினான்கு மாத ரெக்கார்டு இருக்கிறது, ஒன்றுகூட இல்லை. ஒரு நாள் சம்பவத்துக்காக இவ்வளவு பெரிய குட்டைக்கு வலை போட முடியாது.

எலேனா என்னைப் பார்த்தார். கை முழுக்க சோப்பு நுரை, கருப்பு நுரை.

“இதற்கு முன்னால் ஒருபோதும் இல்லையா?”

ஜோஸ் சார் என்னைப் பார்க்கவில்லை. தன் ஷூவைப் பார்த்தார். இல்லை என்று சொன்னால் எல்லாம் அங்கேயே முடிந்துவிடும். வேலை இருக்கும். அவர் வேலையும் இருக்கும். குட்டையும் அப்படியே திறந்து கிடக்கும்.

எனக்கு ரொம்பக் களைப்பாக இருந்தது. தைரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். இன்னொரு பொய்யைத் தூக்கிச் சுமக்க உடம்பில் தெம்பு இல்லை.

“இருந்திருக்கு மேடம்.”

“எத்தனை?”

“தெரியாது. எழுதல.”

“ஜீரோ என்று எழுதியிருக்கிறீர்களே.”

“பாக்காமலே எழுதினேன்.”

அவர் அப்படியே கரைமேட்டில் உட்கார்ந்தார். “நானும் பார்க்காமலே நம்பினேன்” என்றார். “இவ்வளவு காய்ந்த ஊரில் தண்ணீர் மாதிரி மின்னும் ஓர் இடம். பதினான்கு மாதம் ஒரு பறவைகூட வராதா? ஜீரோ எனக்கும் வசதியாக இருந்திருக்கிறது.”

பிறகு வேலை விஷயம் பேசும் குரலில் சொன்னார். தாள் பொய் என்று மட்டும் எழுதினால், தாளைத் தூக்கி எறிவார்கள், அதோடு சரி. பறவை விழுந்ததற்கு ஆதாரம் வேண்டும். “ஞாபகம் இருப்பதை எழுதுங்கள். தேதி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. என்ன நிறம், எந்தக் கரை, உயிரோடா செத்தா. திங்கட்கிழமை காலை நான் கிளம்புகிறேன். அதற்குள் கையில் கிடைத்தால் வலை கேட்பேன்.”

மதியம் சாப்பிட்டுவிட்டு ராமர் அண்ணன் தட்டைக் கழுவும்போதுதான் வெடித்தார். “ஏப்பா, குருவிக்காக வேலைய விட்டேன்னு ஊர்ல போயிச் சொல்லுவியா? சிரிக்க மாட்டாய்ங்க? ஒங்கய்யா மூஞ்சில எப்படி முழிப்ப?”

என் தட்டை எடுத்துக் குழாயடியில் நீட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமைப் பட்டியல்

ஞாயிறு மதியம். மெஸ்ஸில் பிரியாணி. கம்பியில் வேலை உடுப்புகள், கவரால்கள் காய்ந்துகொண்டிருந்தன. ஒரு வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன்.

ஒன்பதுதான் ஞாபகம் வந்தது. பதினான்கு மாதத்துக்கு ஒன்பது. அதிலும் இரண்டு, சொந்த ஞாபகமா, பிறகு கற்பனை செய்ததா என்று சந்தேகம். பார்க்காமல் எழுதியவனுக்கு ஞாபகம் மட்டும் எங்கிருந்து வரும்?

எதிர்க் கட்டிலில் ராமர் அண்ணன் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். நான்கு நாளாக முகம் கொடுத்துப் பேசாதவர்.

“அந்த நீலக் குருவிய எழுதுனியா?”

“எந்த நீலக் குருவிண்ணே?”

“காடை சைசு இருக்கும். றெக்க மட்டும் அப்படி ஒரு நீலம். நோம்புக்கு முந்தி. மூணாம் பாண்டு, பம்பு பக்கம். நாந்தேன் சாக்குல சுத்திக் குப்பை லாரியில போட்டேன்.”

“உயிரோடயா, செத்தா?”

“செத்துத்தான்.” நகவெட்டியை மடக்கினார். “கொக்கு மூணு எழுதிக்க. ஒரே நாள்ல இல்ல. வேற வேற நாளு.”

“ஏண்ணே அப்பவே சொல்லல?”

“யார்ட்டச் சொல்ல? கேட்டாய்ங்களா?”

அவர் எழுந்து போய்ப் பக்கத்து அறைக் கதவைத் தட்டினார். கேங் ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். சிலர் ஈரத் தலையோடு. பீகார்க்காரர் ஒருவர் வாசலிலேயே நின்று, “பாய், ஏக் பீலா வாலா லிக்கோ” என்றார். மஞ்சள் ஒன்றை எழுதச் சொன்னார். விரலால் அதன் வால் நீளம் காட்டினார். இன்னொருவர் ஒரு புறாவைக் கழுவி, இரண்டு நாள் ஹெல்மெட்டில் வைத்துச் சோறு போட்டதாகச் சொன்னார். பறந்ததா என்று கேட்டேன். தலையை ஆட்டினார், அது ஆமாவா இல்லையா என்று புரியவில்லை. இன்னொரு முறை கேட்டேன். இல்லை.

எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். ஆளுக்கொன்றை எடுத்து ஆளுக்கொரு இடத்தில் போட்டிருக்கிறார்கள். டீக்குக் கூப்பிடும்போது பட்டியல் இருபத்தேழில் நின்றது. பாதிக்குப் பெயர் தெரியாது. நிறம், அளவு, எந்தக் கரை. அடியில், பறவைத் தாள்களைப் பார்க்காமல் நிரப்பினேன் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அதன் விளைவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மூன்றாம் குட்டைக்கு வலை வந்தது. வெயில் காலம் முழுக்க இழுத்தடித்து, பறவைகள் திரும்பி வரும் பருவத்துக்குச் சில நாள் முன்னால் கட்டினார்கள். நான் அதைக் கீழேயிருந்துதான் பார்த்தேன். பேனா வேலை போய், ராமர் அண்ணனின் கேங்கில் தொட்டி கழுவும் ஹோஸ் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்பாவிடம் வேலை மாறியதை மட்டும் சொன்னேன், காரணத்தைச் சொல்லவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்தத் திங்கட்கிழமைக் காலையைப் பற்றி.

எலேனாவிடம் கொடுக்குமுன் ஜோஸ் சாரிடம் காட்ட வேண்டும் என்று தோன்றியது. போர்ட்டா கேபினில் தனியாக இருந்தார். தாளை வாங்கி மெதுவாகப் படித்தார். உதடு அசைந்தது.

“என்றெ பேரு இதில் இல்லல்லோ?”

“இல்ல சார்.”

“ஜீரோ எழுதான் ஞான் பறஞ்ஞுன்னு?”

“எழுதல சார். நான் பாக்காம எழுதினேன்னு மட்டும்தான்.”

தாளை மடித்தார். என்னிடம் நீட்டினார். நான் வாங்கப்போகும்போது விடவில்லை. மறுபடி பிரித்து மேஜைமேல் வைத்துக் கையால் நீவினார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கிருந்து பார்த்தால் மூன்றாம் குட்டை தெரியும்.

“வடக்கு மூலை” என்றார். “கொக்கு, ரெண்டு. கழிஞ்ஞ வருஷம். ஞான் தனிச்சு ரவுண்ட் போயப்போ. மண்வெட்டி எடுத்து ஞானே குழிச்சு மூடி.”

பேனாவை எடுத்தேன். வடக்கு மூலை, போன வருடம், கொக்கு இரண்டு என்று எழுதினேன். அதற்குப் பக்கத்தில் இன்னும் ஒரு வார்த்தை எழுத வேண்டும். மற்ற எல்லோரிடமும் அதைக் கேட்டுத்தான் எழுதியிருந்தேன். உயிரோடயா, செத்தா.

அவர் ஜன்னலைவிட்டுத் திரும்பவில்லை. நான் கேட்கவில்லை.